பதினெட்டு முடிஞ்சா பெட்டியைக் கட்டு!

பதினெட்டு வயதில் உங்களுக்கு என்னவெல்லாம் செய்யத் தெரியும்? பொய் சொல்லாமல் யோசித்துப் பாருங்கள். துவைத்த சட்டை கொடியில் தானாகக் காய்ந்தது. ரயில்வே ரிசர்வேஷன் பாரத்தை அப்பா நிரப்பினார். ஜுரம் வந்தால் "அம்மா..." என்று ஒரு முனகல், மிளகு ரசம் வந்துவிடும். நம்மில் பலருக்கு இருபத்தெட்டிலும் இதே கதைதான். கல்யாணம் ஆனதும் முனகலின் திசை மட்டும் மாறியிருக்கும்.

எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ரூம் பார்க்க நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பக்கம் அலைந்தேன். பேச்சிலர் வீடு தேடுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "பேமிலியா, பேச்சிலரா?" பேச்சிலர் என்றதும் கேட் பாதி சாத்தப்படும். மீதிப் பாதி வழியாகக் கேள்விகள் வரும். வெஜ்ஜா? நைட் ஷிப்ட்டா? பிரெண்ட்ஸ் வருவாங்களா? எல்லாவற்றுக்கும் பையன் பிரமாதமாக பதில் சொன்னான். அப்புறம் ஒரு ஓனர் கேட்டார்:

"அப்பா என்ன பண்றார்?"

"இல்லீங்க சார்."

"அடடா... அம்மா?"

"தெரியாதுங்க சார். நான் ஹோம்ல வளர்ந்தவன்."

ஓனர் நல்ல மனிதர்தான். தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் தம்பி" என்றார். அந்தக் கலந்தாலோசனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

டீக்கடையில் பையன் தானாகவே பேசினான். "பதினெட்டாவது பொறந்த நாளுக்கு எல்லாரும் கைதட்டி கேக் வெட்டினாங்க சார். அப்புறம் எப்ப கிளம்பறேன்னு கேட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, ரூல் அப்படி. மொத ராத்திரி ஒரு சின்ன ரூம்ல படுத்தேன். தூக்கமே வரல. அம்பது பேரோட ஹால்ல தூங்கிப் பழகிட்டேனா... அந்த அமைதி பயமா இருந்துச்சு."

தனி ரூம் கிடைக்காதா என்று நாமெல்லாம் ஏங்குகிறோம்!

ஆபீஸில் சேரும்போது ஒரு பாரம் கொடுப்பார்களே, அதில் 'அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பையன் அதில் எழுதியிருந்தது: 108. கிண்டல் என்று நினைத்து ஹெச்.ஆர். அம்மணி கோபித்துக்கொண்டார். அவன் கிண்டல் பண்ணவில்லை. உண்மையாகவே அவனுக்குத் தெரிந்த ஒரே அவசர நம்பர் அதுதான்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 46-வது பிரிவு, 18 முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிறவருக்குப் பண உதவி செய்யலாம் என்கிறது. இதற்குப் பெயர் பிற்காப்பு. பொதுவாக 21 வயது வரை. 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்களில் இதற்கு மாதம் 4,000 ரூபாய் என்று தொகையும் போட்டிருக்கிறார்கள். தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கவும் இடமுண்டு. கவனித்தீர்களா, 'செய்யலாம்'. இன்க்ரிமென்ட் 'கொடுக்கலாம்' என்று மேனேஜர் எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். கேட்கலாம் என்பதே தெரியாதவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவான்.

"இல்லம் எதற்கு? வீடுகளிலேயே வளர்க்கலாமே" என்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. வளர்ப்புப் பராமரிப்பு. தத்து வேறு, இது வேறு. தத்து எடுத்தால் அது காலத்துக்கும் உங்கள் பிள்ளை, உங்கள் இன்ஷியல். வளர்ப்புப் பராமரிப்பில் பெற்றவர் எங்கோ இருக்கலாம், உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், சிறையில்கூட இருக்கலாம். அதுவரை இன்னொரு குடும்பம் குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். குழந்தைகள் நலக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். 2024-ல் திருத்திய மாதிரி வழிகாட்டுதல்களின்படி கல்யாணம் ஆகாதவர்களும் விண்ணப்பிக்கலாம். உடனே கிளம்பாதீர்கள், 35 வயது ஆகியிருக்க வேண்டும். தனி ஆண் என்றால் பையனை மட்டும்தான் ஒப்படைப்பார்கள்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. தேவகி பெற்றாள், யசோதை வளர்த்தாள். வெண்ணெய் திருடியதற்கு உரலில் கட்டும் உரிமை உள்பட எல்லாம் வளர்த்தவளுக்குத்தான். ஆனால் ஒன்று: கோகுலத்தை விட்டுக் கண்ணன் கிளம்பும்போது அழைத்துப்போக அக்ரூரர் தேரோடு வந்தார். கூட அண்ணன் பலராமன். எங்கள் ஆபீஸ் பையனுக்கு ஷேர் ஆட்டோகூட வரவில்லை.

வெள்ளைக்காரனுக்குப் பாசம் கிடையாது, பதினெட்டு ஆனால் பெற்ற பிள்ளையையே வெளியே அனுப்பிவிடுவான் என்று நாம் திண்ணையில் பேசுவதுண்டு. அந்த இங்கிலாந்தில் 2014-ல் ஒரு சட்டம் போட்டார்கள். வளர்ப்புக் குடும்பமும் பையனும் சம்மதித்தால் 21 வயது வரை அதே வீட்டில் தொடர்ந்து இருக்க உள்ளாட்சி நிர்வாகம் உதவ வேண்டும். 2017-ல் இன்னொரு சட்டம்: 25 வயது வரை கேட்டால் ஆலோசனை சொல்ல ஓர் ஆள். வீடு பிடிப்பது, வேலை தேடுவது, பாரம் நிரப்புவது - அதாவது, நமக்கெல்லாம் அப்பாவும் சித்தப்பாவும் ஓசியில் செய்த வேலை. எல்லாம் சரியாக நடக்கிறது, குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிறந்த நாள் கேக்கோடு பொறுப்பு முடிந்துவிடாது என்பதை சட்டத்தில் எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான்.

நம்மவர்கள் இளகிய மனசுக்காரர்கள். பிறந்த நாளுக்கு ஹோமில் வடை பாயசத்தோடு சாப்பாடு போடுகிறோம். நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். அடுத்த வருஷம் போகும்போது ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "போன தடவை சாம்பார் வாளி தூக்கினானே ஒரு பெரிய பையன், அவன் இப்போ எங்கே?" பதில் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. பிற்காப்பு, வளர்ப்புப் பராமரிப்பு இரண்டையும் அங்கே விசாரிக்கலாம்.

அவனுக்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது ஓர் ஆள். ஓனரிடம் "நம்ம பையன்தான் சார், நான் பொறுப்பு" என்று சொல்ல, இன்டர்வியூவுக்கு முன்னால் டை கட்டிவிட, சம்பள ஸ்லிப்பில் பி.எஃப். என்று பிடித்திருக்கிறார்களே, அது திருட்டு இல்லை என்று விளக்க.

பையனுக்கு மூன்றாவது ஞாயிறு ரூம் கிடைத்தது. ஆனால் தீபாவளி வருகிறது. ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லையே என்று நாம் புலம்பும்போது, பக்கத்து ஸீட்டில் போக ஊரே இல்லாத ஒருத்தன் சும்மா சிரித்துக்கொண்டிருப்பான். "வீட்டுக்கு வாடா" என்று அவனைக் கூப்பிட எந்தச் சட்டத்திலும் பிரிவு தேவையில்லை. தயங்கினால் விடாதீர்கள். அம்மா சுடுகிற அதிரசத்தைக் கடிக்க, இளம் பல்லாக இன்னொரு வரிசை இருப்பது உங்களுக்கும் நல்லதுதானே!