விரல் நுனி மடிகிறதா என்று பாருங்கள்



விருந்தினர் போன பின் கிளாஸ் கழுவுகிறீர்கள். அடியில் ஒட்டிய சீனியைத் தேய்க்க, வாய் சிறுத்த கிளாஸுக்குள் கையை விட்டுத் திருகும்போது அது உடைந்துவிடுகிறது. சுட்டுவிரலின் அடியில் ஒரு வெட்டு. அரை அங்குலம்கூட இல்லை. இரத்தமும் சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. கோப்பித்தூளை அப்பி, பழஞ்சீலைத் துண்டால் கட்டிக்கொண்டு மீதிக் கிளாஸையும் கழுவி முடிக்கிறோம். நம்மவர்கள் அப்படித்தான்.

புண் சில நாட்களில் ஆறிவிடுகிறது. விரல் நுனி மட்டும் மடியவில்லை. 'வலிக்குத்தான் மடியல்ல, போகப் போகச் சரிவரும்' என்று ஒரு மாதம் கழிகிறது. பிறகு டொக்டரிடம் போனால் அவர் கேட்கும் முதற் கேள்வி, 'ஏன் அன்றைக்கே வரவில்லை?' என்பதுதான்.

விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குள் வருகின்றன. பெருவிரல் தவிர்ந்த ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு. ஒன்று நடுக்கணுவை மடக்கும், மற்றது நுனிவரை சென்று நுனியை மடக்கும். தோலுக்குச் சற்றுக் கீழேதான் இவை ஓடுகின்றன. ஆகவே சிறு கண்ணாடித் துண்டும் மீன் வெட்டும் கத்தியின் நுனியும் போதும். வெட்டுப்பட்ட நாண், அறுந்த இழுவைக் கயிறு போல உள்ளே சுருண்டு உள்ளங்கைக்கே போய்விடலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். காயம்பட்ட விரலின் நடுக்கணுவை மற்றக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்குங்கள். மடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். மடிந்தாலும் வலித்தால் நாண் பாதி அறுந்திருக்கக் கூடும். விரலின் இரு ஓரத்தையும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பும் அறுந்திருக்கலாம். சின்னப் பிள்ளைக்குச் சொல்லி விளங்காது. அது தூங்கும்போது கையைக் கவனியுங்கள். தளர்ந்த கையில் எல்லா விரல்களும் சற்று வளைந்தே கிடக்கும். ஒன்று மட்டும் நேராக நீட்டி நின்றால் அந்த விரலில்தான் கோளாறு.

காயத்தின் மேல் கோப்பித்தூளும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். வீக்கம் வருமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து நடுக்கணுவைச் சற்றுத் தாண்டும் வரையுள்ள பகுதிக்கு, அமெரிக்கக் கைச் சத்திரசிகிச்சையாளர் ஸ்டெர்லிங் பனல் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பேர் வைத்தார். ஒடுங்கிய உறைக்குள் இரண்டு நாண்களும் நெருங்கி ஓடுவதால், அங்கே தைத்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும் என்று அன்றைய வைத்தியர்கள் பயந்தார்கள். தோலை மூடிவிட்டுப் பிறகு வேறு நாணை எடுத்து ஒட்டுவதே வழக்கம். 1967ல் ஹரோல்ட் கிளைனர்ட்டும் அவரது கூட்டாளிகளும், உடனே தைத்து, ரப்பர் பட்டியின் துணையோடு விரலை அசைய வைத்தால் நல்ல பலன் உண்டு என்று காட்டினார்கள். எளிதில் நம்பாதவர்களும் இருந்தார்கள். இன்று உலகெங்கும் உடனே தைப்பதுதான் முறை.

வெட்டுப்பட்ட சில நாட்களுக்குள் தைப்பது நல்லது. கிழமைகள் கடந்தால் தசை சுருங்கி, உறையும் ஒடுங்கிவிடும். அப்போது பலருக்கு இரண்டு சத்திரசிகிச்சை தேவைப்படும். முதலில் உறைக்குள் சிலிக்கோன் கம்பி வைத்துப் பாதை அமைப்பார்கள். சில மாதங்கள் சென்றபின் வேறிடத்து நாணை எடுத்துப் பொருத்துவார்கள். ஒரு நாள் தாமதம் பெரிதில்லை. ஒரு மாதத் தாமதம் இத்தனையையும் கொண்டுவந்துவிடும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினால் தேவைக்கேற்ப அனுப்பி வைப்பார்கள்.

விரல் துண்டாகிவிட்டால், துண்டை நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டில் ஐஸ் நேரே படக்கூடாது. 1965ல் ஜப்பானில் கொமாட்சு, தமாய் என்ற இரு வைத்தியர்கள் முற்றாகத் துண்டான பெருவிரலை, தலைமயிரிலும் மெல்லிய நூலால் இரத்தக் குழாய்களைத் தைத்துப் பொருத்தினார்கள். எல்லா விரலையும் பொருத்த முடியாது. ஆனால் அந்த முடிவை டொக்டர்தான் எடுக்க வேண்டும். துண்டை வீசிவிட்டு வராதீர்கள்.

தைத்ததோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். என் அபிப்பிராயத்தில், பாதி வேலை அதற்குப் பிறகுதான். அசைக்காமலே வைத்தால் நாண் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பலம் கொடுத்தால் தையல் அறுந்துவிடும். ஆகவே பொதுவாக ஆறு கிழமை மட்டை கட்டி, அதற்குள்ளேயே பயிற்சியாளர் சொன்ன அளவில் மட்டும் மடக்கி நீட்ட வேண்டும். வலி குறைந்ததும் மட்டையைக் கழற்றிவிட்டு உடுப்புத் துவைக்கப் போகும் சகோதரிகள் உண்டு. இரண்டாம் கிழமையில் தையல் மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போது ஒரு ஈரச் சாரனைப் பிழிந்தாலே போதும், 'டக்' என்று உள்ளே அறுந்துவிடும். ஒழுச் செய்வதற்காகவும் மட்டையைக் கழற்ற வேண்டாம். கட்டின் மேல் மஸ்ஹு செய்யும் சலுகை மார்க்கத்தில் இருக்கிறது. விபரத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேங்காய் துருவுவது, வாளி தூக்குவது, உடுப்புப் பிழிவது எல்லாம் ஏறக்குறைய மூன்று மாதம் தள்ளி நிற்கட்டும். அதுவரை வீட்டில் யார் தேங்காய் துருவுவது? இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளின் வாப்பாவிடமும் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள்.