ஓசி சைக்கிள் ஓசி இல்ல: ஸ்பான்சர் தேடுற எம்டிபி ரேஸர்களுக்கு ஒரு சிஏ போடும் கணக்கு



போன சனிக்கிழமை ஆபீசுக்கு ஒரு தம்பி வந்தார். வயசு 26, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. இடது கை தூளியில தொங்குது. காரை எலும்பு முறிவு. ஏலகிரி பக்கம் மவுண்டன் பைக்ல பயிற்சி எடுக்கும்போது விழுந்திருக்கார். வலது கையில ரெண்டு பேப்பர். ஒண்ணு, வருமான வரி போர்ட்டல்ல இருந்து எடுத்த ஏஐஎஸ். இன்னொண்ணு, இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின கேள்விக் கடிதம்.

"அண்ணா, எனக்கு ஸ்பான்சர் கிடைச்சப்போ எங்க வீட்டுல கேசரி கிண்டினாங்க. இப்போ இந்த ரெண்டு பேப்பரையும் பார்த்தா பயமா இருக்கு"ன்னார்.

அந்தத் தம்பி தப்பு எதுவும் பண்ணல. ஸ்பான்சர்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித் தரல, அவ்வளவுதான். வாரம் அஞ்சு நாள் ஆபீஸ், ரெண்டு நாள் மலைன்னு ஓடுற உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ஸ்பான்சர்ஷிப் பரிசு இல்ல, அது ஒரு இரண்டாவது வேலை. கணக்குப் போடாம அந்த வேலையில சேராதீங்க.

முதல்ல உங்க செலவு எவ்வளவு?

ஸ்பான்சர் வேணும்னு கேட்கிற பலர்கிட்ட நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு வருஷத்துக்கு இந்த ரேஸிங் உங்களுக்கு எவ்வளவு ஆகுது?" பதில் வராது. சைக்கிள் விலை மட்டும் ஞாபகம் இருக்கும். டயர், செயின், பிரேக் பேட், ஃபோர்க் சர்வீஸ், என்ட்ரி ஃபீஸ், சைக்கிளை பெட்டியில கட்டி விமானத்துல கொண்டு போற கூலி, ரூம் வாடகை, சம்பளம் இல்லாத லீவு... இதெல்லாம் எந்த நோட்டுலயும் இருக்காது.

எம்டிபி ஹிமாலயா மாதிரி பல நாள் ரேஸுக்கு தமிழ்நாட்டுல இருந்து ஹிமாச்சல் போய் வரணும்னா, சைக்கிளை விட பயணமும் லீவும்தான் பெரிய செலவு. அதனால பன்னிரண்டு மாசத்துக்கு ஒரு சின்ன ஷீட் போடுங்க. எதுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சாதான் ஸ்பான்சர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரியும். உங்களுக்குத் தேவை டயரும் பயணச் செலவும்னா, ஒருத்தர் ஜெர்சி கொடுத்து நெஞ்சுல லோகோ போடச் சொன்னா அது உங்களுக்கு லாபமா? யோசிங்க.

40% தள்ளுபடி ஸ்பான்சர்ஷிப் இல்ல

அமெச்சூர் ரேஸர்களுக்கு பெரும்பாலும் முதல்ல வர்றது பணமும் இல்ல, இலவச சைக்கிளும் இல்ல. தள்ளுபடிதான். "எங்க அம்பாசடரா இருங்க, 40% கழிவு தர்றோம்" என்பாங்க. 2 லட்ச ரூபாய் சைக்கிள் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு வருதுன்னதும் மனசு குதிக்கும். கிரெடிட் கார்டை எடுத்து இஎம்ஐ போட்டுடுவோம்.

80 ஆயிரம் மிச்சம்னு நினைக்காதீங்க. 1 லட்சத்து 20 ஆயிரம் செலவு. அந்த சைக்கிளை எப்படியும் வாங்கியிருப்பீங்கன்னா மட்டும்தான் அது மிச்சம். ஆடித் தள்ளுபடியில தேவையில்லாத பட்டுப் புடவை எடுத்துட்டு வந்தா வீட்டுல என்ன சொல்வாங்களோ, அதையேதான் நானும் சொல்றேன்.

இலவச சைக்கிளுக்கு வரி உண்டா? உண்டு!

இப்போ தம்பியோட ஏஐஎஸ் பேப்பருக்கு வருவோம். 50,000 ரூபாய் மதிப்புள்ள ஃப்ரேமும் ஃபோர்க்கும் அவருக்குக் கொடுத்திருக்காங்க. பதிலுக்கு அவர் மாசம் இத்தனை போஸ்ட் போடணும், இத்தனை ரேஸ்ல அவங்க ஜெர்சி போடணும். அதாவது, வேலைக்குக் கூலி. கூலி பணமா வந்தா என்ன, பொருளா வந்தா என்ன, ரெண்டுமே வருமானம்தான்.

2022 ஜூலை 1-லிருந்து 194ஆர்னு ஒரு பிரிவு இருக்கு. தொழில் ரீதியா ஒருத்தருக்கு வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல பொருளாவோ சலுகையாவோ கொடுத்தா, 10% டிடிஎஸ் கட்டணும். 2026 ஏப்ரல் 1-லிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும், 2025-26 நிதியாண்டு கணக்குக்கு இதே பிரிவுதான். இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. வீடியோ எடுக்கக் கொடுத்த பொருளை நீங்க திருப்பிக் கொடுத்துட்டா அது உங்களுக்குக் கிடைச்ச பலன் ஆகாதுன்னு வரித் துறை அந்த வருஷமே சர்குலர் போட்டுச்சு. நீங்களே வெச்சுக்கிட்டா வருமானம்.

சரி, 50,000-க்கு வரி எவ்வளவு வந்துடப் போகுதுன்னு கேட்பீங்க. உட்கார்ந்து கேளுங்க.

தம்பியோட சம்பளம் சரியா 12,75,000. புதிய வரி முறையில 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம். 87ஏ தள்ளுபடியால வரி பூஜ்யம். இப்போ அந்த 50,000 சேர்ந்தா வருமானம் 12.5 லட்சம். அட்டவணைப்படி வரி 67,500 வரும். 12 லட்சத்தைத் தாண்டின தொகைக்கு மேல வரி போகக்கூடாதுன்னு மார்ஜினல் ரிலீஃப் இருக்கறதால 50,000-ல நிக்கும். அதோட 4% செஸ் 2,000. மொத்தம் 52,000.

50,000 ரூபாய் ஓசிப் பொருளுக்கு 52,000 ரூபாய் வரி!

தம்பிக்கு முகமே மாறிடுச்சு. ஆனா கதை அங்கே முடியல. இது தொழில் வருமானம்னா, அந்த ஒப்பந்த வேலைக்காக ஆன செலவைக் கழிக்கலாம். ஒப்பந்தப்படி ஓட வேண்டிய ரேஸோட என்ட்ரி ஃபீஸ், பயணம், பாகங்கள், வருமானமா காட்டின அந்த ஃப்ரேமுக்கே தேய்மானம். "பில் இருக்கா?"ன்னேன். பாதிதான் இருந்துச்சு. பாதி பில் போன இடம் ஜீன்ஸ் பாக்கெட், அங்கேயிருந்து வாஷிங் மெஷின். ஒவ்வொரு பில்லையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போடுங்கன்னு நான் எல்லா வீடியோலயும் கத்தறது இதுக்குத்தான்.

இன்னும் மூணு விஷயம்:

1. தொழில் வருமானம் இருந்தா ஐடிஆர்-1 போட முடியாது. ஆபீஸ்ல கொடுத்த ஃபார்ம் 16-ஐ மட்டும் வெச்சு வழக்கம்போல ஐடிஆர்-1 போட்டா, ஏஐஎஸ்ல இருக்கிற எண்ட்ரி உங்களைக் காட்டிக் கொடுத்துடும்.
2. சம்பளக்காரர் வருஷா வருஷம் பழைய முறை, புதிய முறைன்னு மாறிக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும்.
3. ஜிஎஸ்டி பத்தி பயப்படாதீங்க. சேவைக்கு பொதுவான வரம்பு வருஷம் 20 லட்சம். சம்பளம் இதுல சேராது. அந்த அளவு ஸ்பான்சர் வந்தா எனக்கும் ஒரு ட்ரீட் வைங்க.

எலும்பு முறிஞ்சா யார் கட்டுவாங்க?

எனக்கு வரியை விட பெரிய கவலை அந்த ரெண்டாவது பேப்பர்தான்.

ஹெல்த் இன்சூரன்ஸ் பாலிசிகள்ல ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்கு ஒண்ணு உண்டு. ஆபத்தான அல்லது சாகச விளையாட்டுல "தொழில்முறை" வீரரா கலந்துக்கிட்டு வர்ற காயத்துக்கு க்ளைம் கிடையாது. மலையேற்றம், ராஃப்டிங், மோட்டார் ரேஸ்னு ஒரு பட்டியல் இருக்கும். சைக்கிள் அதுல பேரோட இல்ல. ஆனா "இவை மட்டுமல்ல"ன்னு ஒரு வார்த்தையும் அதுலயே இருக்கு.

பொழுதுபோக்கா ஓட்டினவரைக்கும் தம்பி அமெச்சூர். இன்ஸ்டாகிராம்ல "ஸ்பான்சர்டு அத்லெட்"னு போட்ட பிறகு? அதைத்தான் அந்தக் கடிதம் கேட்குது: நீங்க தொழில்முறை வீரரா? பணம் வாங்கறீங்களா? ஒப்பந்தம் இருக்கா? ஆபரேஷன் செலவை இப்போதைக்கு அப்பா ஃபிக்சட் டெபாசிட்டை உடைச்சுக் கட்டியிருக்கார். அவருக்கு முழுநேர வேலை வேறன்னும், ரேஸ்ல வாழ்க்கை நடத்தறவர் இல்லன்னும் சம்பளச் சீட்டோட பதில் எழுதியிருக்கோம். முடிவு இன்னும் வரல.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க. "இப்படி ஒரு ஸ்பான்சர் ஒப்பந்தம் வருது, எனக்கு கவர் இருக்குமா?"ன்னு எழுத்துல பதில் வாங்குங்க. ஆபீஸ் குரூப் பாலிசிக்கும் இதே கேள்வி. விபத்துக் காப்பீடு தனியா இருந்தா, ரேஸ், ரேஸ் பயிற்சி ரெண்டுக்கும் விலக்கு இருக்கான்னு பாருங்க. ஸ்பான்சர்கிட்ட ஜெர்சி கேட்கிறதுக்குப் பதில், ரேஸை கவர் பண்ற விபத்துக் காப்பீட்டு ப்ரீமியத்தைக் கேளுங்க. என்னைக் கேட்டா, அமெச்சூருக்கு அதுதான் நல்ல ஸ்பான்சர்ஷிப்.

ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் எடுத்துப் படிங்க. வேறு வேலை, வேறு வருமானம் கூடாதுன்னு ஒரு வரி இருக்கலாம். ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிட்டா நிம்மதி. சிலர், "எங்க கம்பெனி சிஎஸ்ஆர் நிதியில கேட்கலாமா?"ன்னு கேட்பாங்க. விளையாட்டுப் பயிற்சி சிஎஸ்ஆர் பட்டியல்ல இருக்கறது உண்மை. ஆனா விளம்பரத்துக்காகக் கொடுக்கிற ஸ்பான்சர்ஷிப்பும், சொந்த ஊழியருக்கு மட்டும் பலன் தர்றதும் சிஎஸ்ஆர் கணக்குல வராது.

அப்போ கேட்கவே கூடாதா?

கேளுங்க. ஒலிம்பிக்ல 1996-லிருந்து மவுண்டன் பைக் இருக்கு. 2023-ல ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நம்ம பக்கத்துல பொன்முடியில நடந்துச்சு. இந்த விளையாட்டு வளரணும்னா யாராவது பணம் போட்டுத்தான் ஆகணும். ஆனா கேட்கிற முறை இருக்கு.

பெரிய பிராண்டோட தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி, நீங்க வழக்கமா சர்வீஸ் விடற கடைக்குப் போங்க. அந்த அண்ணனுக்கு உங்களைத் தெரியும். "நான் ஜெயிப்பேன்"னு சொல்லாதீங்க, நம்ம ஊர்ல எம்டிபி ரேஸைப் பார்க்க வர்ற கூட்டம் கம்மி. "மாசம் ஒரு ஞாயிறு புதுசா வர்றவங்களை டிரெயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன், பஞ்சர் போடச் சொல்லித் தர்றேன், அவங்க உங்க கடைக்கு வருவாங்க"ன்னு சொல்லுங்க. வியாபாரிக்குப் புரியற பாஷை அது. கம்பெனிகளுக்கு நிதியாண்டு ஏப்ரல்ல தொடங்குது, அதனால ஜனவரி, பிப்ரவரியிலயே கேளுங்க. கொடுக்கறது என்ன, நீங்க செய்ய வேண்டியது என்ன, எத்தனை மாசம், பொருளைத் திருப்பித் தரணுமா, டிடிஎஸ் யார் தலையில, அடிபட்டா என்ன ஆகும்: இந்த ஆறும் ஒரே பக்கத்துல எழுத்துல இருக்கணும்.

கணக்குப் போட்டு ஸ்பான்சரை வேண்டாம்னு சொன்னாலும் அதுல வெட்கம் இல்ல. சம்பளத்துல மாசாமாசம் ஒரு தொகை ஒதுக்கி, உங்க காசுல உங்க ரேஸை ஓடறதும் கௌரவம்தான். விழுந்தாலும் யாருக்கும் போஸ்ட் போட வேண்டியதில்ல.

தம்பி கிளம்பும்போது, "அண்ணா, அடுத்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா?"ன்னு கேட்டார். "முதல்ல கை ஆறட்டும். அப்புறம் ஒப்பந்தத்தை எடுத்துட்டு வா, சேர்ந்து படிப்போம்"னேன்.

உங்ககிட்டயும் அதேதான் சொல்றேன். கையெழுத்துக்கு முன்னாடி படிங்க. அடுத்த வீடியோல ஐடிஆர்-3 எப்படி நிரப்பறதுன்னு பார்க்கலாம்.