ஆறாம் நாள் எங்கே போவாள்?

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 பெண்ணுக்குத் தந்த பெரிய உரிமை அதன் 17-வது பிரிவு: வாழும் வீட்டிலிருந்து அவளை வெளியேற்றக் கூடாது. நல்லது. ஆனால் எந்த வீடு? சேரியில் ஒற்றை அறைத் தொகுப்பு வீடு. அங்கே 'வசிக்கும் உரிமை' என்பது அடிப்பவனோடு அதே அறையில் படுத்துக்கிடக்கும் உரிமை.

மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 12-வது பிரிவு. முடிவதில்லை, நீதிமன்ற வராந்தாவில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியும். 'சகி' மையத்திலோ 5 நாள் வரைதான் தங்கலாம். அதற்குமேல் 'சக்தி சதன்' இல்லம். போனால் கூலி வேலை போகும், வளர்ந்த மகனையும் உடன் வைத்துக்கொள்ள முடியாது. அம்மா வீடு? அதுவும் அதே தெருவில் ஒற்றை அறை. சாதி மறுத்து மணந்தவளுக்கு அதுவும் இல்லை. ஊர்த்தெருவில் வாடகைக்குக் கேட்டால் முன்பணத்துக்கு முன்பே சாதியைக் கேட்பார்கள்.

இவற்றுக்குப் பணம் தரும் 'மிஷன் சக்தி' திட்டத்துக்கு 2025-26 வரைக்கும்தான் ஒப்புதல் தந்தார்கள். புதுப்பிக்கும்போது மையங்களின் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். நாங்கள் கேட்பது நாள்கணக்கு: வழக்கு முடியும்வரை பிள்ளைகளோடு தங்க இடம், பிறகு ஓராண்டு வாடகை, வேறு பொறுப்பு சுமத்தாத முழுநேரப் பாதுகாப்பு அலுவலர். அதையும் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியிலிருந்து எடுக்காமல் தர வேண்டும்.