படைப்பின் பக்கம்: மலைவிட்டு இறங்காத சாணி வண்டு



கோடை முகாமில் காட்டுப் பாதையில் ஒரு ஸ்கார்ன்பாஸ வண்டைக் கண்டு நீங்கள் அலறியது இன்னும் என் காதில் கேட்கிறது. ஊரில் அதைச் சாணி வண்டு என்போம். சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோய் அதில் முட்டையிடும். குஞ்சுக்கு உணவு, நிலத்துக்கு எரு.

ஆதாமைப் போலப் பூச்சிகளுக்குப் பெயரிட்டவர் ஒருவர் இந்த நாட்டில் இருந்தார். 1745இல் தென் யூட்லாந்தின் டொண்டரில் பிறந்த யோகான் கிறிஸ்டியான் பப்ரிசியுஸ். (வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ் ஐயர் வேறு!) ஏறத்தாழ 10,000 பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். தரங்கம்பாடி மிஷனுக்கு 1768இல் மருத்துவராகப் போன கோனிக், இவரைப் போலவே லின்னேயுஸின் மாணவர். அங்கிருந்து இவருக்குப் பூச்சிகள் அனுப்பினார். 1775இல் பப்ரிசியுஸ் பெயரிட்ட ஒரு பெரிய சாணி வண்டின் பெயருக்கு 'எருதுத்தலை' என்று பொருள். இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை அது வாழ்கிறது.

மலைக்காட்டு வண்டுகளின் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் 'ஒக்கிகாந்தோன்' என்னும் சிறிய சாணி வண்டு இனங்கள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. குளிர்ந்த காட்டில் பழகிய வண்டுக்கு, கீழேயுள்ள வெப்பமான பள்ளத்தாக்கு கடல் மாதிரி. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் தாண்ட முடியாது. இப்படி மலைக்கு மலை பிரிந்து, நெடுங்காலத்தில் வெவ்வேறு இனங்களாகிவிட்டன. மலைவாழ் வண்டுகள் சிலவற்றில் இறக்கையே சுருங்கிப் பறக்க முடியாமல் போயிருக்கிறது.

டென்மார்க்கில் அப்படி இல்லை. நமது உயர்ந்த இடமான மொல்லஹொய் 171 மீட்டர்கூட இல்லை. ஆனைமுடி 2,695 மீட்டர். பனியுகத்தில் இந்நாட்டின் பெரும்பகுதி பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. இன்றுள்ள வண்டுகள் பனி உருகிய பிறகு வெளியிலிருந்து வந்தவை. நம்மைப்போல வந்தேறிகள் என்று சொல்லிச் சிரிக்கலாம்! முகாமில் கண்ட அந்த வண்டு இங்கே அழிந்தாலும் ஜெர்மனியிலிருந்து மறுபடி வரலாம்.

மலை வண்டுக்கு அந்த வழி இல்லை. தேயிலைக்காகக் காடு வெட்டப்பட்டால் நிழலும் ஈரமும் போகும், சாணமிடும் விலங்குகளும் போகும். வெப்பம் கூடினால் இன்னும் மேலே ஏறும். உச்சியை அடைந்த பிறகு ஏற மலை இல்லை.

அடுத்த முகாமில் ஸ்கார்ன்பாஸவைக் கண்டால் கவிழ்த்துப் பாருங்கள். வயிறு நீலமாக மினுங்கும். பிறகு மறக்காமல் நிமிர்த்தி விடுங்கள்.