இங்கிலீஷ் எவ்வளவு வரும்? அளப்பது யார்?

பிளஸ் டூ முடிவு வந்த அன்று காலனித் தெருவில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “இங்கிலீஷ்ல எவ்வளவு?” அறுபது, எழுபது என்று பதில் வருகிறது. வீட்டில் மகிழ்ச்சி. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை பட்டத்தோடு வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. “இங்கிலீஷ் வரல” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள்.

எழுபது வாங்கிய பிள்ளைக்கு இங்கிலீஷ் எப்படி வராமல் போனது? பள்ளி கொடுத்த எழுபது எதை அளந்தது? நேர்காணலில் உட்கார்ந்திருந்தவர் எதை அளந்தார்? முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளின் வேலையும் மேற்படிப்பும் இந்தக் கேள்விகளில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நடுவில் நிற்பவர்கள்

ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் பிள்ளைகளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளைகளுக்கு, போதுமோ போதாதோ, சிறப்பு வகுப்பு என்று ஏதோ ஒன்று இருக்கிறது. இந்த இரு தரப்புக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது. வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரியும். பாடப்புத்தகத்தை வாசித்தால் முக்கால்வாசி புரியும். பிழையோடு என்றாலும் ஒரு விண்ணப்பம் எழுத வரும். ஆனால் வாய் திறந்து பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் தலித் மாணவர்களில் பலர் இந்த நடுக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

‘அசர்’ அமைப்பு 2023இல் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வு இதற்கு ஒரு சான்று. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் அது நடந்தது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினரால் பொருளும் சொல்ல முடிந்தது. இவர்களை “இங்கிலீஷ் தெரியாதவர்கள்” என்று சொல்வது பொய். “தெரிந்தவர்கள்” என்று சொல்லி விட்டுவிடுவதும் உதவாது. எவ்வளவு தெரியும், எதில் தெரியும் என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோலை இன்று பல நாடுகள் பயன்படுத்துகின்றன. அதில் ஆறு படிகள். ஏ1, ஏ2 தொடக்க நிலை. பி1, பி2 இடைநிலை. சி1, சி2 மேல்நிலை. இத்தனை மதிப்பெண் என்று அது சொல்வதில்லை. உங்களால் இந்த மொழியில் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறது. பழகிய விஷயத்தைப் பற்றி வாசித்தால் முக்கியச் செய்தி புரிகிறதா? பயணத்தில் வரும் சிக்கலைப் பேசிச் சமாளிக்க முடிகிறதா? தன் கருத்துக்குச் சுருக்கமாகக் காரணம் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது பி1.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும். ஒரே ஆள் வாசிப்பில் பி1, பேச்சில் ஏ2 என்று இருக்கலாம். வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் பேசக் கேட்காமல் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும். இரண்டாவது, பி1 நிலையில் பேசுகிறவர் நடுநடுவே நிறுத்தி, சொல்லைத் தேடி, திருத்திக்கொண்டு பேசுவார் என்பதை அந்த அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. தயங்கிப் பேசுவது அந்தப் படியின் இயல்பு. நேர்காணலில் அதைத்தான் “வரல” என்கிறார்கள்.

தேர்வுகள் எதை அளக்கின்றன?

நம் பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வில் 90 மதிப்பெண் எழுத்துக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. பொதுத்தேர்வு அறையில் மாணவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, ஒரு வார்த்தைகூடக் காதால் கேட்டுப் பதில் எழுதுவதில்லை. இதே கேள்விதான் வரும் என்று எதிர்பார்த்து மனப்பாடம் செய்த பத்தியை எழுதினாலும் மதிப்பெண் உண்டு. ஆக, அந்த எழுபதில் கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் எழுத்து, நிறைய நினைவாற்றல் இருக்கின்றன. பேச்சும் கேட்டலும் அதில் இல்லை.

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வில் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். நடு நிலையில் இருக்கும் மாணவர் பயிற்சி எடுத்தால் இதில் நன்றாகவே தேறலாம். வெளிநாட்டுப் படிப்புக்குக் கேட்கப்படும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு நான்கு திறன்களையும் தனித்தனியே பார்த்து, 9 வரையிலான அளவில் புள்ளி தருகிறது. தனியார் வேலை நேர்காணல் ஏறக்குறைய பேச்சை மட்டுமே பார்க்கிறது.

நான்கு இடத்தில் நான்கு விதமாக அளக்கிறார்கள். எல்லாவற்றையும் ‘இங்கிலீஷ்’ என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறார்கள். எந்த இடத்தில் எதை அளக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஒரு நேர்காணலில் தோற்றவர் “நமக்கு இங்கிலீஷே வராது” என்று முடிவுகட்டி, தன்னால் தேறக்கூடிய எழுத்துத் தேர்வுக்கும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார். நம் சமூகத்துக்கு இதனால் ஏற்படும் இழப்பு கணக்கில் வருவதே இல்லை.

மரக்கால் யார் கையில்?

கூலியை நெல்லாக வாங்கிய காலத்தில், மரக்கால் யார் கையில் இருக்கிறது, தலைதட்டி அளக்கிறாரா குவித்து அளக்கிறாரா என்பதில்தான் அன்றைய சாப்பாடு இருந்தது. அதனால்தான் முத்திரையிட்ட மரக்கால் வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது. மொழித் திறனை அளப்பதிலும் அந்தக் கேள்வி இருக்கிறது. எழுதி வைத்த அளவுகோல் இல்லாத இடத்தில், அளப்பவரின் மனம்தான் அளவுகோல். அந்த மனதுக்குள் ஊர்ப் பெயர், அப்பாவின் தொழில், உடை, நிறம், உச்சரிப்பு எல்லாம் நுழைந்துவிடும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. ரேமா ஹன்னா, லீ லிண்டன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தியப் பிள்ளைகள் எழுதிய தேர்வுத் தாள்களின் முகப்பில் வயது, பாலினம், சாதி ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். விடையின் தரம் ஒன்றாக இருந்தும், தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சராசரியாகச் சற்றுக் குறைவாக மதிப்பெண் விழுந்தது. அப்படிக் குறைத்தவர்களில் மேல்சாதி ஆசிரியர்களைவிட, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களே முன்னால் இருந்தார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. இன்னொன்றும் தெரியவந்தது. திருத்தத் தொடங்கிய வேளையில், எதற்கு எவ்வளவு போடுவது என்று ஆசிரியருக்கே பிடிபடாத முதல் சில தாள்களில் இந்தப் பாகுபாடு அதிகமாக இருந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. அளப்பவர் நம்மவராக இருந்தால் மட்டும் போதாது. எதற்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்துத் தாளிலேயே இப்படி என்றால், முகத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, ஊரை விசாரித்து நடக்கும் வாய்மொழித் தேர்வில் என்னவெல்லாம் நடக்கும்? டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை தந்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள்.

தேர்வு நடுநிலையானது என்று நம் முன்னோர் நம்பிவிடவில்லை. 1890களில் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். இங்கே தேர்வு நடந்தால் பதவிகளில் சாதி இந்துக்களே நிறைந்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. அந்த நிலைப்பாட்டைப் பற்றி இன்று விவாதிக்கலாம். ஆனால் தேர்வை எங்கே, எப்படி, யார் நடத்துகிறார்கள் என்பதில் சாதி இருக்கிறது என்று அவர் கண்டது இன்றும் பொருந்துகிறது.

அரைப் புள்ளியின் விலை

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. அதில் 115 இடம் பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உதவித்தொகை கிடைத்தாலும், ஆங்கில நாடுகளின் பல்கலைக்கழகங்கள் முதுகலைக்குப் பெரும்பாலும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் 6.5 புள்ளி கேட்கின்றன. 6 வாங்கியவருக்கு அரைப் புள்ளி குறைவு. அந்த அரைப் புள்ளியில் ஒரு வாழ்க்கை நின்றுவிடலாம்.

அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம் நடக்கிறது. தடையின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு தலைப்பில் சமமாகப் புள்ளி போடுகிறார்கள். உச்சரிப்பில் பார்ப்பது, சொல்வது புரிகிறதா என்பதைத்தான். லண்டன்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை. நம் ஊர் நேர்காணல்களைவிட இது நேர்மையான முறை. குறை என்னவென்றால் கட்டணம் 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல், முடிவு செல்லுபடியாவது இரண்டே ஆண்டு. நூறு நாள் வேலையில் 2025-26ஆம் ஆண்டின் நாள் கூலி 336 ரூபாய். ஒரு தடவை தேர்வு எழுத 45 நாள் கூலி போய்விடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு, மூன்று தடவை எழுதிப் பார்க்கும். நம் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே வாய்ப்பு. அந்த ஒரு வாய்ப்புக்கு முன்னால் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

நாமே அளந்து பார்க்கலாம்

நிலையைத் தோராயமாக அறிய மையமோ கட்டணமோ தேவையில்லை. ஊர்ப் படிப்பகத்தில் நான்கு மாணவர்கள் சேர்ந்தால் போதும்.

வாசிப்பு: ஆங்கில நாளிதழில் ஒரு சின்னச் செய்தியை மூன்று நிமிடம் வாசியுங்கள். தாளை மூடிவிட்டு யார், எங்கே, என்ன, ஏன் என்று தமிழில் சொல்லுங்கள். அகராதி இல்லாமல் நான்கும் வந்தால் வாசிப்பில் நீங்கள் நடுப்படியில் இருக்கிறீர்கள்.

கேட்டல்: ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு, புரிந்த செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மறு வாரம் எத்தனை கூடியிருக்கிறது என்று பாருங்கள்.

எழுத்து: கல்விக்கடன் தாமதம் பற்றி வங்கி மேலாளருக்கு 15 நிமிடத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னொருவர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்கிறாரா? பொருளைக் கெடுக்கும் பிழைகளையும், கெடுக்காத சின்னப் பிழைகளையும் தனித்தனியே எண்ணுங்கள். முதல் வகையை முதலில் சரிசெய்யுங்கள்.

பேச்சு: நம் ஊர் ஏரி, அம்மாவின் வேலை, கபடிப் போட்டி என்று தெரிந்த ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசி செல்போனில் பதிவு செய்யுங்கள். தேதி போட்டு வையுங்கள். கேட்பவருக்குப் புரிந்ததா, ஒரு காரணமாவது சொன்னீர்களா என்று மட்டும் பாருங்கள். மாதம் ஒருமுறை செய்தால் வளர்ச்சி காதுக்கே தெரியும்.

அரசிடமும் கல்லூரிகளிடமும் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை நான்கு திறன்களையும் இலவசமாக மதிப்பிட்டு, முடிவை மாணவர் கையில் தர வேண்டும். அதில் தேர்ச்சி, தோல்வி இருக்கக் கூடாது. எந்தப் படி, அடுத்த படிக்கு என்ன செய்ய வேண்டும் என்று இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வு எதுவானாலும் எழுதி வைத்த அளவுகோலோடு இரண்டு பேர் தனித்தனியே புள்ளி போட வேண்டும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள், அந்த வேலைக்கு ஆங்கிலம் எந்தத் திறனில், எந்தப் படி வரை தேவை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். கணக்கு எழுதும் வேலைக்கு மேடைப் பேச்சாளரின் ஆங்கிலம் எதற்கு?

இவை வரும்வரை பிள்ளைகள் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். “இங்கிலீஷ் வரல” என்று யாராவது சொன்னால் தலைகுனிந்து வெளியே வர வேண்டாம். “எதில் குறைவு? பேச்சிலா, எழுத்திலா? எவ்வளவு குறைவு?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைத்தால் அதைச் சரிசெய்ய வழி உண்டு. பதில் சொல்ல அவருக்குத் தெரியவில்லை என்றால், அவர் உங்களை அளக்கவே இல்லை.