கிராணி அனுப்பினால் மெய்யாகிவிடுமா?

தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்தவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறதாம். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புவோர் அடையாளக் கார்டின் இரு பக்கத்தையும் படம்பிடித்து, குறிப்பிட்ட எண்ணுக்கு அனுப்ப வேண்டுமாம். கட்டணம் 20 வெள்ளியாம். சில வாரங்களுக்கு முன் நம் கிளையொன்றின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தது. மேலே அரசாங்க முத்திரை. கீழே "உடனே அனைவருக்கும் அனுப்புங்கள்" என்ற கட்டளை.

அதைக் குழுவில் போட்டவர் யாரோ அல்லர். இத்தலையங்கத்தை எழுதும் கிராணியேதான். வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம். அன்று மாலைக்குள் பதினொரு பேர் தங்கள் அடையாளக் கார்டை அனுப்பிவிட்டார்கள். அவர்களில் நால்வர் பணமும் கட்டிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்ந்த ஓர் அம்மாள் சொன்ன சொல் இன்னும் நெஞ்சைக் குடைகிறது: "நீங்க அனுப்பினதாலதானேங்கய்யா நம்பினேன்!"

செக்ரோலில் ஒரு பெயர் விடுபட்டால் ஒரு குடும்பத்தின் நாட்சம்பளம் போய்விடுமே என்று மும்முறை சரிபார்க்கிற கை, கைப்பேசியில் மட்டும் ஏன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை? பால் நிறுக்கும்போது தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கும் நம் தோழர்கள், தங்கள் வாக்கைப் பற்றிய செய்தியை ஏன் நிறுத்துப் பார்க்கவில்லை? நண்பனும் மைத்துனனும் கிராணியும் அனுப்புவதால் செய்திக்கு முகம் வந்துவிடுகிறது. முகத்தை நம்புகிறோம், செய்தியைப் படிப்பதில்லை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுவோம். 2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகச் சேர்க்கப்படுகின்றனர். பதிவுப் பாரமும் இல்லை, கட்டணமும் இல்லை. தொகுதியை முடிவு செய்வது அடையாளக் கார்டிலுள்ள முகவரி. தோட்டத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர், கார்டில் முகவரியை மாற்றாவிட்டால் பழைய தொகுதியிலேதான் வாக்களிக்க வேண்டியிருக்கும். தோட்டத்தை விட்டார் என்பதற்காக எவர் பெயரும் நீக்கப்படுவதில்லை. தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாளக் கார்டு எண்ணைக் கொடுத்து, காசில்லாமல், யார் வேண்டுமானாலும் தம் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம்.

பொய்யன் கெட்டிக்காரன் என்பதைக் கவனியுங்கள். முகவரி மாறினால் சிக்கல் என்ற மெய்யின் மேல்தான் அவன் தன் பொய்யைக் கட்டினான். பால்மரத் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறி, நம் மக்கள் நாலா திசையிலும் சிதறிப்போன காலம் இது. "நம் பெயர் எங்கே இருக்கிறதோ?" என்ற அச்சம் நம்மவர் வீடுகளில் உண்மையாகவே இருக்கிறது. அந்த அச்சத்துக்கு நேர்மையான விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லியிருந்தால், அந்த 20 வெள்ளிக்காரனுக்கு நம் குழுவில் என்ன வேலை?

இதற்குச் சட்டம் போட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போட்டுப் பார்த்தார்களே! 2018 ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் வந்தது. உச்சத் தண்டனை ஆறாண்டுச் சிறை, 5 இலட்சம் வெள்ளி அபராதம். முதலில் தண்டனை பெற்றவர் யார்? ஒரு கொலைச் சம்பவத்தில் போலீஸ் தாமதமாக வந்தது என்று குறைகூறிக் காணொளி வெளியிட்ட டென்மார்க் நாட்டவர் ஒருவர். ஆட்சி மாறிய பின், மேலவை ஒருமுறை மறுத்தும், 2019இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. எது பொய் என்று தீர்ப்பளிக்கும் உரிமையை ஆட்சியிலிருப்பவர் கையில் முழுமையாகக் கொடுத்துவிட்டால், நாளை "இந்தத் தோட்டத்தில் குடிநீர் சரியில்லை" என்று நாம் எழுதுவதையும் பொய் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பல்லூடக ஆணையம் 2017இல் தொடங்கிய செபெனார்ஞா பக்கம் எத்தனையோ புரளிகளை மறுத்திருக்கிறது, அதைப் பாராட்டுகிறோம். ஆனால் அரசாங்கம் தன்னைப் பற்றிய புகாருக்குத் தானே நடுவராக இருக்க முடியாது. மேலும் நம் குழுக்களில் உலவும் தமிழ்க் குரல்பதிவுகளை அங்கே யார் கேட்கிறார்கள்?

ஆகவே, பத்திரிகை வேண்டும்; அதைத் தாங்குகிற வாசகர் வேண்டும். 1999இல் தொடங்கிய மலேசியாகினிக்கு 2021 பிப்ரவரியில் என்ன நடந்தது? வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகக் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 இலட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. அரசுத் தரப்பே 2 இலட்சம்தான் கேட்டிருந்தது. வாசகர்கள் பத்தும் இருபதுமாய்ப் போட்டு, சில மணி நேரத்தில் முழுத் தொகையையும் சேர்த்துவிட்டார்கள். சங்கச் சந்தா கட்டிப் பழகிய நமக்கு இதன் பொருள் விளங்காதா? 1924இல் பிறந்த தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது நம்மில் எத்தனை பேர் கடைசியாக எப்போது அதைக் காசு கொடுத்து வாங்கினோம் என்று எண்ணிப் பார்த்தோம்?

தைவான் நாட்டில் 2016இல் சில தொண்டர்கள் தொடங்கிய கோஃபேக்ட்ஸ் என்ற ஏற்பாடு நம் கருத்தைக் கவர்கிறது. அங்கே லைன் என்ற செயலிதான் நம் வாட்ஸ்அப் போல. ஐயம் தரும் செய்தியை அந்த ஏற்பாட்டின் கணக்குக்கு அனுப்பினால், முன்பே விசாரிக்கப்பட்டிருந்தால் உடனே விடை வருகிறது. இல்லாவிட்டால் பொதுமக்களில் எவரும் தேடிப் பார்த்து, ஆதாரத்தோடு விடை எழுதலாம். சம்பளம் வாங்கும் பெரிய நிபுணர்கள் இல்லை. ஆசிரியரும் மாணவரும் கணக்கப்பிள்ளையும் செய்யக்கூடிய வேலை. நம் தந்தையர் காலத்தில், எழுத்தறிந்த ஒருவர் கோயில் திண்ணையில் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்டார்களே, அதன் தம்பிதான் இது. குறுக்குக் கேள்விதான் அதில் உயிர்.

வாட்ஸ்அப் நிறுவனம் 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று அந்நிறுவனமே கூறியது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று பொருள். அந்தக் குறி அன்று அச்செய்தியின் மேலும் இருந்தது. நாம்தான் பார்க்கவில்லை.

ஏமாந்த பதினொரு பேரும் போலீசில் புகார் செய்துவிட்டார்கள். பணம் கட்டிய நால்வர் 997 என்ற மோசடித் தடுப்பு எண்ணுக்கும் அழைத்திருக்கிறார்கள். பணம் திரும்புமா என்பது இன்னும் தெரியவில்லை, படங்கள் திரும்பப்போவதில்லை.

கிளைச் செயலவை இரு முடிவுகள் செய்திருக்கிறது. அரசாங்கம், சேமநிதி, சொக்சோ, தேர்தல், சம்பளம் பற்றிய எந்தச் செய்தியையும், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்ற இரண்டும் இல்லாமல் கிளைக் குழுவில் போடக்கூடாது. கிராணிமாரும் இதற்கு விலக்கல்லர். தோட்டத்துக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண், ஐயமான செய்திகளைத் திரட்டி இப்பத்திரிகைக்கு அனுப்புவார்கள். அடுத்த இதழிலிருந்து விடைகள் இதே பக்கத்தில் வரும். நாம் தவறாக விடை எழுதினால், திருத்தமும் இதே பக்கத்தில், இதே அளவு எழுத்தில் வரும்.