முள் இருந்தால் மட்டும் போதாது

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் தோட்டங்கள் மாடி ஏறிவிட்டன. அகலமான காம்பவுண்டுடன் இருந்த கண்டோன்மென்ட் காலத்து பங்களாக்கள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. ரோஜாவுக்குப் பாத்தி கட்ட இடமில்லாதவர்களுக்கு மிஞ்சியது பால்கனியும் மொட்டை மாடியும்தான். அங்கே சிக்கனமாகக் குடித்தனம் நடத்தக்கூடியவை முள்செடிகள். கையகலத் தொட்டி போதும். வீட்டுக்காரர் பத்து நாள் ஊருக்குப் போனாலும் கோபித்துக்கொள்ளாது.

அடுத்து வருவது ஆசை. குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும் ஊர் இது. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையைச் சுற்றிவிட்டு வருபவருக்கு, தன் தொட்டியையும் ஒரு போட்டி மேஜையில் வைத்துப் பார்க்கத் தோன்றாதா? பேட்டைச் செடிக் கழகத்தின் சின்னப் போட்டியாக இருந்தாலும் சரி.

ஆனால் முதல் தடுக்கலே பெயரில்தான். காக்டஸ் வரிசையில் சதுரக்கள்ளியை வைத்தால், அது எவ்வளவு கம்பீரமாக நின்றாலும் நடுவர் ஒதுக்கிவிடுவார். காரணம், அது காக்டஸ் அல்ல. காக்டஸில் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு போன்ற ஒரு சிறு மெத்தை இருக்கும். கள்ளியில் அது கிடையாது. கீறினால் பால் வரும். சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி இந்தப் பால் கள்ளிதான். காக்டஸ் குடும்பம் அநேகமாக முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், பெயரில் கள்ளியாக இருக்கும் சப்பாத்திக்கள்ளி உண்மையில் காக்டஸ். தமிழ்நாட்டு வேலியோரங்களில் பரம்பரை உரிமையோடு நிற்கும் அது கப்பலேறி வந்த விருந்தாளி.

வரிசை சரியாக அமைந்துவிட்டால் பரீட்சை தொடங்குகிறது. முள் ஒடிந்திருக்கக் கூடாது. இடுக்குகளில் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கக் கூடாது. உருண்டையான செடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஜன்னலோரத்தில் திருப்பி வைக்காமல் விட்டது தெரிந்துவிடும். எச்செவேரியா போன்ற சதைப்பற்றுச் செடிகளின் இலை மேல் வெண்பொடி படிந்திருக்கும். ஆசையாகத் தொட்ட விரலின் தடம் அப்படியே நிற்கும். தொட்டி சுத்தமாக இருக்க வேண்டும், மண் மேல் சிறு கல் பரப்பியிருக்க வேண்டும், பெயர்ச்சீட்டு பிழையில்லாமல் இருக்க வேண்டும். கடைசி ஒரு வாரத்தில் செய்யக்கூடிய வேலை இந்தக் கடைசி மூன்றும்தான். மற்றதெல்லாம் வருடக் கணக்கு.

பெங்களூரில் அந்தக் கணக்கைக் குலைப்பது வெயில் அல்ல, மழை. மே முதல் அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும்போது, திறந்த மாடியில் நனையும் செடி அடியிலிருந்து அழுகத் தொடங்கும். மேலே பச்சையாகத்தான் இருக்கும். தொட்டால் கொழகொழவென்று கையோடு வரும். எனவே அனுபவசாலிகள் உரத்தைவிடக் கூரைக்கும், தண்ணீரை உடனே வடியவிடும் கரடுமுரடான மண்ணுக்கும்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு: வளர்ந்த செடியை விலைக்கு வாங்கி மேஜையில் வைப்பது. அதைத் தடுக்கவே வெளிநாட்டுச் சங்கங்கள் பலவற்றில், குறிப்பிட்ட காலமாவது போட்டியாளரிடம் வளர்ந்த செடியாக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதைவிட மோசமான குறுக்கு வழி, காட்டிலிருந்து பெயர்த்த செடியை வாங்குவது. மெக்சிகோவின் அரியோகார்பஸ் விதையிலிருந்து பூக்கப் பத்தாண்டுகூட ஆகலாம். திருடனுக்கு அது ஒரு நிமிட வேலை. தென்னாப்பிரிக்காவில் கோனோபைட்டம் என்ற கூழாங்கல் அளவுச் செடிகள் அண்மை ஆண்டுகளில் லட்சக்கணக்கில் தோண்டிக் கடத்தப்பட்டிருக்கின்றன. வாங்கியவர்களில் பலர் உலகெங்கும் உள்ள சாதாரண வீட்டுச் சேகரிப்பாளர்கள்.

அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் சில விதிவிலக்குகளைத் தவிர காக்டஸ் குடும்பமே இடம்பெற்றிருக்கிறது. அரியோகார்பஸ் மிகக் கடுமையான முதல் பட்டியலில். இந்தியா 1976இல் இதில் சேர்ந்தது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தப் பட்டியல்களை நம் சட்டத்துக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டது.

ஆகவே நடுவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எங்கிருந்து வந்தது? விதை போட்டு, தேங்காய் அளவு எதிர்பார்த்து, எட்டாண்டில் எலுமிச்சை அளவு வளர்த்தவர் தயங்காமல் பதில் சொல்வார். காட்டில் நூறாண்டு வெயிலில் காய்ந்து முதிர்ந்த செடியின் தழும்புகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது வளர்த்தவரின் அழகல்ல. அதற்குக் கோப்பை கொடுக்கும் கழகம், அடுத்த திருடனுக்கு முன்பணம் கொடுக்கிறது.

ரிச்சர்ட்ஸ் டவுன் மாடியில் அந்த எலுமிச்சை அளவுச் செடி இந்த வருடம் மூன்றாம் பரிசுகூட வாங்காமல் திரும்பலாம். பரவாயில்லை. அடுத்த போட்டிக்குள் அதற்கு இன்னும் ஒரு வயது கூடியிருக்கும்.